தெரிந்தும் அச்சிட முடியாத செய்தி: பத்திரிகையாளர் துப்பறியும் அரசியல் த்ரில்லர், ஓர் எளிய அறிமுகம்

1956 டிசம்பர். அர்ஜென்டினாவின் லா பிளாட்டா நகரில், சதுரங்கம் ஆடுகிறவர்கள் கூடும் ஒரு காபிக் கடை. ரொடோல்ஃபோ வால்ஷ் என்ற பத்திரிகையாளர் அங்கே இருந்தார். வயது 29. துப்பறியும் கதைகள் எழுதி ஓரளவு பெயர் வாங்கியிருந்தவர். அரசியல் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர் என்றே சொல்லலாம். அன்று ஒருவர் அவரிடம் ஒரு சேதி சொன்னார்: ஆறு மாதத்துக்கு முன்னால் சுட்டுக் கொல்லப்பட்டவர்களில் ஒருவன் உயிரோடு இருக்கிறான்.

அந்த ஆண்டு ஜூன் 9 இரவு ராணுவ ஆட்சிக்கு எதிராக ஒரு கிளர்ச்சி நடந்தது. அதே இரவில் போலீஸ் புவனஸ் அயர்ஸ் புறநகர் வீடு ஒன்றில் புகுந்து, வானொலியில் குத்துச்சண்டை வர்ணனை கேட்டுக்கொண்டிருந்தவர்களைப் பிடித்துக்கொண்டு போனது. அவர்களில் சிலருக்குக் கிளர்ச்சியைப் பற்றித் தெரிந்திருக்கலாம். பலருக்கு எதுவுமே தெரியாது. விடிவதற்கு முன் ஒரு குப்பைமேட்டுக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். ஐந்து பேர் செத்தார்கள். ஏழு பேர் எப்படியோ தப்பினார்கள்.

அரசாங்கத்திடம் இதற்கு ஒரு பதில் தயாராக இருந்தது: ராணுவச் சட்டம் அமலில் இருந்தது, சட்டப்படிதான் நடந்தது. வால்ஷ் இந்தப் பதிலைத் திட்டவில்லை, மறுத்து அறிக்கை விடவில்லை. ஒரு நோட்டைத் தேடிப் போனார். அரசு வானொலியில், எந்த நிமிடத்தில் எந்த அறிவிப்பு வாசிக்கப்பட்டது என்று குறித்துவைக்கும் அறிவிப்பாளர் பதிவேடு அது. ராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்ட நேரம் அதில் இருந்தது: ஜூன் 10, அதிகாலை 0.32. அந்த வீட்டுக்குள் போலீஸ் நுழைந்ததோ ஜூன் 9, நள்ளிரவுக்கு முன், சுமார் பதினொன்றரை மணிக்கு. சட்டம் பிறக்கும்போது அவர்கள் ஏற்கெனவே போலீஸின் பிடியில் இருந்தார்கள். பிறக்காத சட்டத்தை எப்படி மீறியிருக்க முடியும்? ஒரு மணி நேர இடைவெளி. அந்த இடைவெளிக்குள் அரசின் சமாதானம் முழுவதும் விழுந்து நொறுங்கிப்போனது. சட்டப்படி நடந்த தண்டனை என்று சொல்லப்பட்டது, கொலை என்று ஆனது.

பத்திரிகையாளர் ஒரு கொலையைத் தேடிப் போகும் அரசியல் த்ரில்லர் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இந்த நோட்டைப் பற்றித்தான். இந்த வகை நாவலின் உயிர் முழுவதும் அதில் இருக்கிறது. துப்பாக்கி, கார் துரத்தல், இருட்டில் பின்தொடரும் காலடிச் சத்தம் எல்லாம் அதற்கு மேல் போட்ட சட்டை.

இந்த வகைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைத் துப்பறியும் நாவலோடு குழப்பிக்கொள்வது இயல்பு. இரண்டிலும் ஒரு பிணம் இருக்கிறது, கேள்வி கேட்கிற ஒருவர் இருக்கிறார், கடைசியில் ஓர் உண்மை வெளிவருகிறது. ஆனால் துப்பறியும் கதையில் கொலை என்பது ஒழுங்காக இருந்த உலகத்தில் விழுந்த ஒரு கீறல். கொலைகாரரைக் கண்டுபிடித்துவிட்டால் கீறல் மறைந்துவிடும். போலீஸ் வந்து கைவிலங்கு மாட்டும், நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். அரசு இயந்திரம் நம் பக்கம் இருக்கிறது என்ற நம்பிக்கை அந்தக் கதைகளின் அடியில் ஓடுகிறது. அரசியல் த்ரில்லரில் அந்த நம்பிக்கைக்கே ஆபத்து. கைவிலங்கு மாட்ட வேண்டியவர்களே கொலையை மறைக்கிறவர்களாக இருக்கலாம். உண்மையைக் கண்டுபிடித்த பிறகு அதை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது? துப்பறியும் கதை முடிகிற இடத்தில்தான் அரசியல் த்ரில்லர் சூடுபிடிக்கிறது.

நிருபர் இங்கே நாயகனாகவோ நாயகியாகவோ வருவதற்குக் காரணமும் இதுதான். போலீஸ்காரருக்கு வீட்டைச் சோதனை போட அதிகாரம் உண்டு, சாட்சியை அழைக்க அதிகாரம் உண்டு. நிருபருக்கு அதில் ஒன்றுகூடக் கிடையாது. யாராவது கதவைச் சாத்திவிட்டால் வெளியே நிற்க வேண்டியதுதான். அவர் கையில் இருப்பவை இரண்டே இரண்டு: கேள்வி கேட்கும் உரிமை, அச்சிடும் வாய்ப்பு. அந்த இரண்டாவதும் அவர் கையில் முழுதாக இல்லை. ஆசிரியர், வழக்கறிஞர், பத்திரிகை முதலாளி என்று பல கைகளைக் கடந்துதான் ஒரு வரி பக்கத்துக்கு வருகிறது. இவ்வளவு பலவீனமான ஒருவரை இவ்வளவு பலமான எதிரிக்கு முன்னால் நிறுத்தும்போது, தனியாக எதையும் சேர்க்காமலே கதையில் பதற்றம் வந்துவிடுகிறது.

ஓர் உதாரணத்தை நாமே கட்டிப் பார்ப்போம்.

அரசுக் கணக்குத் தணிக்கை அதிகாரி ஒருவர் ஹோட்டல் அறையில் இறந்துகிடக்கிறார். காலை 7.15-க்கு அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண் கதவைத் திறந்து பார்த்ததாகப் போலீஸ் சொல்கிறது. தற்கொலை. மேஜையில் ஒரு கடிதம். எல்லாப் பத்திரிகையிலும் உள்பக்கத்தில் நாலு வரி. நம் நிருபருக்கும் அந்த நாலு வரியை எழுதும் வேலைதான். இறந்தவரின் பெயரை எழுத்துப்பிழை இல்லாமல் போடவேண்டுமே என்று, அமைச்சர் அலுவலகம் அனுப்பிய இரங்கல் செய்தியை மின்னஞ்சலில் திறக்கிறார். பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதிக்கொள்கிறார். மூடப்போகும்போது மேலே ஓரத்தில் சின்னதாக இருக்கும் நேரம் கண்ணில் படுகிறது. காலை 6.40.

பிணம் கண்டுபிடிக்கப்படுவதற்கு 35 நிமிடம் முன்னால் இரங்கல் வந்திருக்கிறது.

இந்த இடத்தில் வாசகருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நிருபருக்கும் தெரிந்துவிட்டது. சாதாரண மர்மக் கதையாக இருந்தால் பாதிக் கதை முடிந்தது. ஆனால் இந்த வகையில் இது முதல் அத்தியாயம். மறுநாள் ஆசிரியர் அறையில், பத்திரிகையின் வழக்கறிஞர் முன்னால் அவர் உட்காரவேண்டும்.

“மின்னஞ்சல் நேரத்தை எப்படி நம்புறீங்க? அவங்க கம்ப்யூட்டர் கடிகாரம் தப்பா ஓடியிருந்தா?”

“அன்னைக்கு அதே அலுவலகத்துல இருந்து வந்த மத்த மின்னஞ்சலையும் பார்த்துட்டேன் சார். எல்லாம் சரியான நேரத்துல வந்திருக்கு.”

“சரி. 7.15-னு யார் சொன்னது?”

“போலீஸ்.”

“போலீஸ் நேரத்தைத் தப்பா எழுதியிருந்தா? ஆறு மணிக்கே பார்த்துட்டு, பதிவு பண்ணும்போது ஏழேகால்னு போட்டிருந்தா? அப்போ உங்க செய்தி ஒண்ணுமில்லாமப் போயிடுமே.”

நிருபரிடம் பதில் இல்லை. கதவைத் திறந்த அந்தப் பெண்ணைப் பார்த்தாக வேண்டும். ஹோட்டலுக்குப் போனால் அவர் வேலையை விட்டுவிட்டார் என்கிறார்கள். எப்போது? அன்றைக்கே. வீட்டு முகவரி? தெரியாது. இனி அந்தப் பெண்ணைத் தேட வேண்டும். கிடைத்தால் பேசவைக்க வேண்டும். பேசினால் அவர் பெயரை வெளியிடலாமா என்று யோசிக்க வேண்டும். வெளியிட்டால் அவருக்கு என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும். நிருபர் ஒரு படி மேலே ஏறும்போதெல்லாம், தன்னைவிட எளிய ஒருவரை ஆபத்துக்குள் இழுத்துக்கொண்டுதான் ஏறுகிறார்.

தெரிந்துகொள்வதற்கும் அச்சிடுவதற்கும் நடுவில் இருக்கும் இந்தத் தூரம்தான் இந்த நாவல் வகையின் மையம் என்று நான் நம்புகிறேன். கொன்றது யார் என்ற கேள்வி இருநூறாம் பக்கத்திலேயே தீர்ந்துபோனாலும், நல்ல அரசியல் த்ரில்லரை நம்மால் கீழே வைக்க முடியாது. ‘இது வெளியே வருமா?’ என்ற கேள்வி நம்மைப் பிடித்துவைத்திருக்கும்.

அந்தத் தூரம் எவ்வளவு வழுக்கலானது என்பதற்கு நிஜ வாழ்க்கையிலிருந்து ஒரு சம்பவம். கொலை வழக்கல்ல, ஆனாலும் இந்த வகை நாவல்களின் மேல் இதைப்போல் தாக்கம் செலுத்திய செய்தி வேறொன்று இல்லை. வாட்டர்கேட். 1972 ஜூன் 17 அன்று வாஷிங்டனின் வாட்டர்கேட் கட்டிடத்தில் இருந்த எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் புகுந்த ஐந்து பேர் பிடிபட்டார்கள். அந்தச் சிறு திருட்டைப் பின்தொடர்ந்த செய்திகள் வெள்ளை மாளிகை வரை போயின. 1974 ஆகஸ்ட் 9 அன்று அதிபர் நிக்சன் பதவி விலகினார். இது எல்லோரும் அறிந்த கதை. நடுவில் நடந்த ஒரு சறுக்கலைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

1972 அக்டோபர் 25 அன்று வாஷிங்டன் போஸ்ட் ஒரு பெரிய செய்தி போட்டது. நிக்சனின் தேர்தல் பிரச்சார ரகசிய நிதியைக் கையாண்டவர்களில் நிக்சனின் வலது கரமான ஹால்ட்மனும் ஒருவர் என்று, பிரச்சாரப் பொருளாளராக இருந்த ஸ்லோன், கிராண்ட் ஜூரி (வழக்குத் தொடரலாமா என்று முடிவுசெய்யும் குடிமக்கள் குழு) முன்பு சாட்சியம் சொன்னதாக எழுதினார்கள். ஹால்ட்மனுக்கு அந்த நிதியோடு தொடர்பு இருந்தது உண்மை. ஆனால் ஸ்லோன் அப்படிச் சாட்சியம் சொல்லியிருக்கவில்லை. கிராண்ட் ஜூரியில் அவரிடம் அதை யாரும் கேட்கவே இல்லை. செய்தியை உறுதிசெய்த விதத்தில்தான் ஓட்டை. வாய் திறக்க விரும்பாத ஓர் அரசு வழக்கறிஞரிடம் தொலைபேசியில், “நான் பத்து வரை எண்ணுகிறேன், செய்தி தவறு என்றால் அதற்குள் போனை வைத்துவிடுங்கள்” என்ற மாதிரி ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். அந்தப் பக்கம் இருந்தவர் அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டுவிட்டார். உடனே வெள்ளை மாளிகை அந்த ஒரு பிழையைப் பிடித்துக்கொண்டு மொத்தப் புலனாய்வையும் பொய் என்றது. உள்ளடக்கம் சரி, ஆதாரம் தவறு. அது ஒன்றே போதும் எதிராளிக்கு. அந்த ‘பத்து வரை எண்ணுகிறேன்’ நிமிடத்தில் இருக்கும் பதற்றத்தை ஒரு நாவலாசிரியர் பிடித்துவிட்டால், அதற்கு மேல் குண்டுவெடிப்பு தேவையில்லை.

இங்கே சில தொழில் வார்த்தைகளைச் சொல்லிவிடுகிறேன். இந்த நாவல்களில் அடிக்கடி வரும். தகவல் தருகிறவரை ‘சோர்ஸ்’ என்பார்கள். ‘ஆன் த ரெகார்ட்’ என்றால் சொன்னவரின் பெயரோடு போடலாம். ‘ஆஃப் த ரெகார்ட்’ என்றால் போடவே கூடாது. இரண்டுக்கும் நடுவில், பெயர் போடாமல் தகவலை மட்டும் பயன்படுத்தலாம் என்ற ஏற்பாடும் உண்டு. அதில்தான் பாதிச் சண்டை நடக்கும். ஒரே தகவலை, ஒருவரோடொருவர் தொடர்பில்லாத இரண்டு பேர் உறுதிசெய்ய வேண்டும் என்பது பல செய்தி அறைகளின் எழுதாத சட்டம். தொடர்பில்லாத என்பது முக்கியம். ஒருவரிடமிருந்தே இருவரும் கேட்டிருந்தால் அது இரண்டு சோர்ஸ் ஆகாது, ஒரே சோர்ஸின் எதிரொலி.

சோர்ஸைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசவேண்டும். ஏனென்றால் புதிதாக வாசிக்கிறவர்கள் ஏமாறும் இடம் இது. இருட்டில் நின்று ரகசியம் சொல்கிறவரை நாம் உடனே நல்லவர் என்று எடுத்துக்கொள்கிறோம். வாட்டர்கேட் செய்திகளுக்குப் பின்னால் இருந்த புகழ்பெற்ற மறைமுகத் தகவலாளி மார்க் ஃபெல்ட் என்பது 2005-ல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அவர் அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யில் இரண்டாம் இடத்தில் இருந்தவர். 1972 மே மாதம் அதன் இயக்குநர் இறந்தபோது அந்த நாற்காலி ஃபெல்ட்டுக்குப் போகவில்லை. வெளியிலிருந்து ஒருவரை நிக்சன் கொண்டுவந்து உட்காரவைத்தார். ஃபெல்ட் பேசியது நீதிக்காகவா, அமைப்பின் சுதந்திரத்துக்காகவா, மனக்கசப்பினாலா? மூன்றும் கலந்திருக்கலாம். ஆனால் அவர் சொன்ன தகவல்கள் பெரும்பாலும் சரியாகவே இருந்தன. கெட்ட காரணத்துக்காகவும் ஒருவர் உண்மையைச் சொல்லமுடியும். நல்ல நாவலில் நிருபர் ஒவ்வொரு சோர்ஸைப் பார்த்தும் கேட்கும் முதல் கேள்வி ‘இது உண்மையா’ என்பது. அடுத்த கேள்வி ‘இதை ஏன் இப்போது என்னிடம் சொல்கிறார்’ என்பது. இரண்டாவது கேள்வியைக் கேட்க மறந்த நிருபர் யாரோ ஒருவரின் பகடைக்காயாக மாறுவார். பல கதைகளில் பெரிய திருப்பம் அங்கிருந்துதான் வருகிறது.

இனி எதிரி. இதில்தான் இந்த வகை மற்ற எல்லாக் குற்றக் கதைகளிலிருந்தும் விலகி நிற்கிறது.

1924 ஜூன் 10. ரோம் நகரில் எதிர்க்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் ஜாக்கோமோ மத்தேயோட்டியைப் பட்டப்பகலில் ஒரு காருக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டு போனார்கள். பதினொரு நாளுக்கு முன்னால்தான், தேர்தலில் நடந்த வன்முறையையும் மோசடியையும் நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று அவர் அம்பலப்படுத்தியிருந்தார். அந்தக் கார் அவர் வீட்டருகில் சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சந்தேகப்பட்ட காவலாளி ஒருவர் அதன் எண்ணைக் குறித்துவைத்திருந்தார். எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால், காரை ஏற்பாடு செய்தவர் ஆளுங்கட்சி ஆதரவுப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர். காரில் இருந்தவர்களின் தலைவனுக்கு, அப்போதைய பிரதமர் முசோலினியைச் சுற்றி இருந்தவர்களோடு நெருங்கிய பழக்கம். ஆகஸ்ட் 16 அன்று உடல் கிடைத்தது. 1925 ஜனவரி 3 அன்று முசோலினி நாடாளுமன்றத்தில் நின்று, நடந்த எல்லாவற்றுக்கும் அரசியல் பொறுப்பு தன்னுடையது என்று அறிவித்தார். யாரும் அவரை அசைக்கவில்லை. முழுச் சர்வாதிகாரம் அங்கிருந்து தொடங்கியது.

கத்தியைப் பிடித்த கை ஒன்று, காரைக் கொடுத்த கை ஒன்று, பணம் கொடுத்த கை ஒன்று. இவை எல்லாவற்றுக்கும் மேலே, எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாத, ‘இந்த ஆளின் தொல்லை தாங்க முடியவில்லை’ என்று மட்டும் சொல்லிவிட்டு அறையை விட்டுப் போன ஒருவர் இருக்கலாம். அவர் கட்டளையிட்டாரா? கேட்டவர்கள் கட்டளையாக எடுத்துக்கொண்டார்களா? நிருபர் இந்த ஏணியில் கீழிருந்து ஏறுகிறார். கீழ்ப்படியில் ஆதாரம் அதிகம், அதிகாரம் குறைவு. மேலே போகப்போக அதிகாரம் கூடுகிறது, ஆதாரம் தேய்கிறது. உச்சிப் படியில் ஆதாரமே இருக்காது, ஒரு மௌனம் மட்டும் இருக்கும்.

அதிகாரத்தின் முதல் அறிக்கையைக் கவனியுங்கள். இந்த வகைக் கதைகளில் அது எப்போதும் ஒரு சின்ன வார்த்தையாக வரும்: விபத்து, தற்கொலை, கொள்ளை முயற்சி. 1963 மே 22 அன்று கிரேக்க நகரமான தெசலோனிக்கியில், சமாதானக் கூட்டத்தில் பேசிவிட்டு வெளியே வந்த நாடாளுமன்ற உறுப்பினர் கிரிகோரிஸ் லம்ப்ராக்கிஸை, சுற்றிலும் போலீஸ் நிற்க, மூன்று சக்கர வண்டியில் வந்தவர்கள் தலையில் தாக்கினார்கள். ஐந்து நாள் கழித்து அவர் இறந்தார். சாலை விபத்து என்றது போலீஸ். விசாரணை நீதிபதியாக இருந்த கிறிஸ்டோஸ் சார்ட்செட்டாகிஸ் அந்த வார்த்தையை ஏற்கவில்லை. பத்திரிகையாளர்கள் சிலரும் தனியே தேடினார்கள். வண்டியில் வந்தவர்களுக்கும் காவல்துறை உயரதிகாரிகளுக்கும் இருந்த தொடர்பு ஒவ்வொன்றாக வெளிவந்தது. நான்கு வருடத்துக்குள் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது; அந்த நீதிபதி வேலையிழந்து சிறையும் போனார். 1985-ல் அவரே நாட்டின் ஜனாதிபதி ஆனார். கற்பனையாக யாராவது இப்படி எழுதியிருந்தால் நம்பமுடியவில்லை என்று சொல்லியிருப்போம்.

‘விபத்து’ என்ற ஒற்றை வார்த்தையை நிலைநிறுத்த எத்தனை பேர் பொய் சொல்லவேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். மருத்துவர், காவலர், எழுத்தர், ஓட்டுநர். எல்லோரும் கொலைகாரர்கள் இல்லை. ஒருவருக்குப் பதவி உயர்வு வேண்டும், இன்னொருவருக்கு இரண்டு வருடத்தில் ஓய்வு, மற்றொருவருக்குப் பயம். சிறந்த அரசியல் த்ரில்லர்கள் இந்தச் சின்ன மனிதர்களின் மேல்தான் வெளிச்சத்தைத் திருப்புகின்றன. பொய் சொன்ன எழுத்தர் ஒருவர் ராத்திரி தூங்கமுடியாமல் நிருபரைக் கூப்பிடும் காட்சி, எந்த மந்திரியின் வீழ்ச்சியைவிடவும் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நிருபருக்கு வரும் ஆபத்தும் நாம் நினைக்கிற வடிவத்தில் முதலில் வருவதில்லை. தோட்டாவுக்கு முன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும். மால்டாவின் பத்திரிகையாளர் டாஃப்னி கருவானா கலீசியா 2017 அக்டோபர் 16 அன்று கார் வெடிகுண்டில் கொல்லப்பட்டபோது, அவர் மேல் 40-க்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள் நிலுவையில் இருந்தன. ஜெயிப்பது அந்த மாதிரி வழக்குகளின் நோக்கமில்லை. எழுதுகிறவரின் நேரத்தையும் பணத்தையும் தூக்கத்தையும் தின்றுதீர்ப்பதே நோக்கம். குண்டு, கடலில் ஒரு படகில் இருந்து கைபேசி வழியாக அனுப்பிய ஒரு எஸ்.எம்.எஸ். மூலம் வெடிக்கவைக்கப்பட்டது. கொலை செய்தவர்கள் பிடிபட்டதும் அந்தக் கைபேசிகள் விட்டுச்சென்ற தடயத்தால்தான். இரண்டு வருடம் கழித்து, விசாரணை ஆட்சியின் வாசல் வரை வந்தபோது, மக்கள் தெருவில் இறங்கினார்கள்; பிரதமர் பதவி விலகுவதாக அறிவித்தார். 2021-ல் வெளியான பொது விசாரணை அறிக்கை, தண்டனை பயமே இல்லாத ஒரு சூழலை உருவாக்கியதற்காக அரசே இந்தக் கொலைக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்றது. ஒரு சூழல் கொலை செய்யமுடியும் என்பதை நீதிபதிகள் எழுதிக் கையெழுத்துப் போட்ட தருணம் அது. அரசியல் த்ரில்லர் எத்தனையோ வருடமாகச் சொல்லிவந்ததும் அதைத்தான்.

ஸ்லோவாக்கியாவில் 2018 பிப்ரவரியில் நிருபர் யான் குட்சியாக் தன் வருங்கால மனைவியோடு வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் எழுதி முடிக்காமல் விட்டுப்போன செய்தியை, சக பத்திரிகையாளர்கள் பல நாடுகளில் வெளியிட்டார்கள். அடுத்த மாதமே பிரதமர் பதவி விலகினார். ‘என்னைக் கொன்றாலும் செய்தி வரும்’ என்று நாவல்களில் நிருபர் ஒரு நகலை எங்காவது பத்திரப்படுத்துவார். அது எழுத்தாளர்களின் மலிவான தந்திரம் என்று முன்பெல்லாம் எனக்குத் தோன்றும். குட்சியாக்குக்குப் பிறகு அப்படித் தோன்றவில்லை.

முதல் முறையாக இப்படி ஒரு நாவலைக் கையில் எடுக்கிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில விஷயங்கள். பெயர்கள் நிறைய வரும், பயப்படவேண்டாம். யார் யாருக்குப் போன் செய்தார்கள் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். தேதியும் மணியும் வரும் இடங்களைத் தாண்டிப் போகாதீர்கள். எழுத்தாளர் நேர்மையானவராக இருந்தால் சாவி அங்கேதான் ஒளிந்திருக்கும். நிருபர் தவறு செய்கிறாரா என்று பாருங்கள். ஒரு தவறும் செய்யாமல், நினைத்த கதவெல்லாம் திறந்து, கடைசியில் துப்பாக்கியோடு கட்டிடத்தில் ஏறிக் குதிக்கிற நிருபரைக் கண்டால் நான் புத்தகத்தை மூடிவிடுகிறேன். அவர் நிருபர் இல்லை, அடையாள அட்டை மாட்டிக்கொண்ட போலீஸ்காரர்.

இன்னொரு குறையும் இந்த வகையில் அடிக்கடி நடக்கிறது, எனக்கு அது உண்மையாகவே வலிக்கிறது. சதி பெரிதாகப் பெரிதாக, இறந்தவர் காணாமல் போய்விடுகிறார். முதல் பக்கத்தில் ஒரு பிணம். அதற்குப் பிறகு மந்திரிகள், கம்பெனிகள், வங்கிக் கணக்குகள். முந்நூறு பக்கம் தாண்டி நிருபரின் செய்தி வெளியாகிறது, ஆட்சி ஆடுகிறது, இறந்தவரின் பெயர் என்ன என்று கேட்டால் வாசகருக்கு நினைவில்லை. நம் உதாரணத்தில் அந்தத் தணிக்கை அதிகாரி யார்? அவர் மேஜையில் என்ன புத்தகம் இருந்தது? அந்த இரவு யாருக்குப் போன் செய்ய நினைத்தார்? அந்தப் பெயரை எழுத்துப்பிழை இல்லாமல் போடவேண்டும் என்று நிருபர் நினைத்ததால்தான் கதையே தொடங்கியது. கடைசிப் பக்கம் வரை அந்த அக்கறை இருக்கிற நாவலை நான் யாருக்கும் தயங்காமல் கொடுப்பேன்.

முடிவு எப்படி இருக்கும் என்று சிலர் கேட்பார்கள். குற்றவாளி தண்டிக்கப்படாமலே முடியும் நாவல்கள் இதில் ஏராளம். புதிய வாசகர்களுக்கு அது ஏமாற்றமாக இருக்கும். நிஜமும் அப்படித்தான் இருக்கிறது. பத்திரிகையாளர் கொலைகளில் பெரும்பான்மையானவற்றில் யாரும் முழுமையாகத் தண்டிக்கப்பட்டதில்லை. அதனால்தான் 2013-ல் ஐ.நா. சபை நவம்பர் 2-ஐ, பத்திரிகையாளர்களுக்கு எதிரான குற்றங்கள் தண்டனையில்லாமல் போவதை முடிவுக்குக் கொண்டுவருவதற்கான நாளாக அறிவித்தது. ஆகவே இந்த நாவல்களில் உச்சக்காட்சி பெரும்பாலும் கைது அல்ல, வெளியீடு. அச்சு இயந்திரம் ஓடத் தொடங்குகிறது, அல்லது ஒரு விரல் ‘வெளியிடு’ என்ற பொத்தானை அழுத்துகிறது. அதற்குப் பிறகு நடப்பது நிருபரின் கையில் இல்லை.

வால்ஷின் கையிலும் இல்லை. குப்பைமேட்டுக் கொலைகளைப் பற்றி அவர் எழுதியதைப் பெரிய பத்திரிகைகள் எதுவும் தொடவில்லை. சின்னப் பத்திரிகைகளில் வெளியாகி 1957-ல் புத்தகமாக வந்தது. எழுதிய நாட்களில் அவர் பொய்ப் பெயரில் ஓர் அடையாள அட்டை வைத்துக்கொண்டு வீடு மாறி வாழ்ந்தார். சுட்டவர்களுக்கும், சுடச் சொன்னவர்களுக்கும் தண்டனை கிடைக்கவில்லை. ஆனால் அந்த 0.32 என்ற எண்ணை அதற்குப் பிறகு எந்த அரசாங்கத்தாலும் அழிக்க முடியவில்லை.

இருபது வருடம் கழித்து அர்ஜென்டினாவில் மறுபடியும் ராணுவ ஆட்சி. அதன் முதல் ஆண்டு நிறைவான 1977 மார்ச் 24 என்று தேதியிட்டு, ஆட்சியாளர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார் வால்ஷ். காணாமல் போனவர்கள், கொல்லப்பட்டவர்கள், சித்திரவதை செய்யப்பட்டவர்கள் பற்றிய கணக்கை அதில் எண்களாக எழுதி, கீழே தன் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் போட்டார். மறுநாள் புவனஸ் அயர்ஸில் அதன் நகல்களைத் தபால் பெட்டிகளில் போட்டுவிட்டு நடந்துபோகும்போது ராணுவத்தினர் அவரைச் சுற்றி வளைத்துச் சுட்டார்கள். உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. தபால் பெட்டிகளில் போட்டவை போய்ச் சேர்ந்தன.